சாலை சுமப்பதா, வண்டி சுமப்பதா?

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களிடம் எல்லாரும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்? சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றாவது கேள்வி கொஞ்சம் தயங்கித்தான் வரும். "ஓடும்போதே சார்ஜ் ஏறுற மாதிரி செஞ்சா என்ன? சக்கரம் சும்மாதானே சுத்துது, அதுல ஒரு டைனமோ வெச்சா?" டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன். என்னோடு பொறியியல் படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இந்தக் கேள்விக்கு நூற்றிமுப்பது வயது. இதற்கு விடை தேடியவர்கள் ஓட்டிய வண்டிகள் சென்னைத் தெருக்களில் அறுபது ஆண்டுகளுக்குச் சற்றே குறைவாக ஓடியிருக்கின்றன. விடையில் பாதி இயற்பியல், பாதி வரலாறு. இயற்பியலைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

பழைய சைக்கிளில் டைனமோ விளக்கு வைத்து ஓட்டியவர்களுக்குப் பாடமே தேவையில்லை. டைனமோவை டயரின் மேல் சாய்த்த அடுத்த நொடி மிதி கனத்துப்போகும். அந்த விளக்குக்குத் தேவை வெறும் மூன்று வாட், ஆறு வாட்தான். அதையும் கால்தான் கொடுத்தது. காரில் கால் இருக்கும் இடத்தில் பாட்டரி இருக்கிறது. பாட்டரி மோட்டாரைச் சுற்ற, மோட்டார் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் டைனமோவைச் சுற்ற, டைனமோ பாட்டரிக்கே திருப்பிக் கொடுக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பத்து சதவீதம் வெப்பமாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால், கொடுத்த நூறில் திரும்பி வருவது அறுபத்தைந்து சொச்சம். சும்மா சுற்றும் சக்கரம் என்று ஒன்று கிடையாது. காரின் கூரையில் காற்றாடி வைப்பதும் இதே கதைதான். அசையாத காற்றில் கார் ஓடுவதால் எழும் காற்றை உண்டாக்கியதும் அந்தப் பாட்டரிதான்.

ஆக, ஓடும் வண்டிக்கு ஆற்றல் வர மூன்று வழிகள்தான் மிச்சம். வெளியிலிருந்து வாங்கலாம். எரிபொருளாகக் கூடவே சுமந்து போகலாம். ஏற்கெனவே செலவழித்ததில் கொஞ்சத்தை மீட்கலாம். வரலாறு இந்த மூன்றுக்கும் இடையில்தான் அலைந்திருக்கிறது.

*

மீட்பதில் தொடங்கலாம். 1890களில் பாரிஸில் லூயி க்ரீகர் என்பவர் மின்சார வண்டிகள் செய்தார். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பாட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அவருடைய வண்டிகளில் இருந்தது. இன்று எல்லா எலெக்ட்ரிக் கார்களிலும் இருப்பது அதன் வாரிசு. டைனமோ கேள்வியைக் கேட்பவர்கள் பாதி சரி என்று நான் சொல்வது இதனால்தான். வண்டியை நிறுத்த நினைக்கும் நேரத்தில், எப்படியும் வெப்பமாகப் போகவிருந்த ஆற்றலைப் பிடித்து வைக்கலாம். மலை இறங்கும்போது நிறையவே கிடைக்கும். எங்கள் பக்கம், புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் மலை ஏது? தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பி நல்லவாடு வரை போனாலும் தரை உள்ளங்கை மாதிரிதான். சிக்னலிலும் வேகத்தடையிலும் கிடைப்பதுதான் லாபம்.

அடுத்தது, சுமந்து போவது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் லோனர் நிறுவனத்தின் மின்சார வண்டி ஒன்று நின்றது. அதை வடிவமைத்த இளைஞர் ஃபெர்டினான்ட் போர்ஷே. பாட்டரியின் எடை அவரைப் படாதபாடு படுத்தியது. அதனால் அடுத்த வண்டியில் பாட்டரியைக் குறைத்து, பெட்ரோல் இன்ஜின்களோடு டைனமோக்களைப் பூட்டி, ஓடும்போதே சார்ஜ் ஏறும்படி செய்தார். அதற்கு வைத்த லத்தீன் பெயர் 'செம்பெர் வீவுஸ்', எப்போதும் உயிரோடு இருப்பது என்று பொருள். பெயரில் கொஞ்சம் மிகை உண்டு. பெட்ரோல் இருக்கும்வரை உயிரோடு இருப்பது என்பதே சரி. 2010இல் வந்த ஷெவர்லே வோல்ட் முதல் இன்றைய சீனக் கார்கள் வரை 'ரேஞ்ச் எக்ஸ்டெண்டர்' என்று விற்கப்படுவது இந்த யோசனைதான்.

மூன்றாவது, வெளியிலிருந்து வாங்குவது. இங்கேதான் சென்னை வருகிறது.

*

1882 ஏப்ரலில் வெர்னர் ஃபான் சீமென்ஸ் பெர்லின் புறநகரில் ஒரு குதிரை வண்டியில் மோட்டாரைப் பூட்டி, தலைக்கு மேல் ஓடும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓட்டிக் காட்டினார். தண்டவாளம் கிடையாது, பாட்டரியும் கிடையாது. வண்டிக்குத் தேவையானது முழுவதும் பாதையிலேயே இருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1895 மே 7 அன்று, சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அது.

தொடக்கத்தில் அதற்குத் தலைக்கு மேல் கம்பி இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே சாலையில் ஒரு நீண்ட பிளவு, அதற்குக் கீழே ஒரு கால்வாய், கால்வாய்க்குள் மின்சாரம். டிராமின் அடியிலிருந்து இறங்கும் ஒரு கொழு, ஏர்க்கொழு மாதிரியே, அந்தப் பிளவுக்குள் ஓடியபடி மின்சாரத்தை உறிஞ்சும். லண்டனிலும் நியூயார்க்கிலும் பெருமையாக வைத்திருந்த முறை. தெருவில் கம்பத்தோரணம் இருக்காது, பார்க்க அழகு. சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை என்று ஒன்று உண்டு. பிளவுக்குள் தண்ணீர் போனது. கடைசியில் சாலைக்குள் இருந்ததைத் தூக்கித் தலைக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று.

நூற்றியிருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2018இல், ஸ்வீடனில் ஆர்லாண்டா விமான நிலையம் அருகே சுமார் இரண்டு கிலோமீட்டர் சாலையில் ஒரு பள்ளத் தண்டவாளத்தைப் பதித்து, லாரியின் அடியிலிருந்து இறங்கும் கை அதைத் தொட்டு ஓடும்போதே பாட்டரியை நிரப்பிக்கொள்ளும்படி செய்தார்கள். படத்தைப் பார்த்தபோது எனக்கு மவுன்ட் ரோடுதான் நினைவுக்கு வந்தது. கொழு திரும்பி வந்திருந்தது.

தொடாமலே வாங்கும் யோசனையும் புதிதல்ல. 1894இலேயே மோரிஸ் உட்டான், மோரிஸ் லெப்லான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், பாதையில் பதித்த சுருளிலிருந்து வண்டியில் இருக்கும் சுருளுக்கு, நடுவில் கம்பி இல்லாமலே மின்சாரம் தாவும் ஏற்பாட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். இன்றைய வயர்லெஸ் சாலைகளின் கொள்கை அதுவே. 2013இல் தென்கொரியாவின் குமி நகரில் பேருந்துகள் அப்படி ஓடின. பாதையின் ஒரு சிறு பகுதியில் மட்டும்தான் சுருள்கள் இருந்தன. 2023இல் டெட்ராய்ட்டில் ஒரு தெருவின் கால் மைலுக்குப் பதித்தார்கள்.

பாதையின் சிறு பகுதி போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் தின்கிறது, வேகம் மணிக்கு 90 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாலை 40 கிலோவாட் கொடுத்தால், மின்சாரம் உள்ள ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கிட்டத்தட்ட 0.44 யூனிட் உள்ளே வரும். அந்தக் கிலோமீட்டரையும் ஓடி, அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கும் மிச்சம் இருக்கும். ஆக, சாலையின் மூன்றில் ஒரு பங்கு போதும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கி.மீ. அதில் விட்டுவிட்டு 50 கி.மீ. இப்படி அமைந்தால், ஏறும்போது இருந்த சார்ஜோடு இறங்கலாம். ஐம்பது யூனிட் பாட்டரி தேவைப்பட்ட காருக்கு இருபது போதும். வண்டி இளைக்கும், விலையும் இளைக்கும். இதில் இயற்பியலுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

ஆட்சேபம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அந்த ஐம்பது கிலோமீட்டரை யார் போடுவது? யார் பராமரிப்பது?

*

இந்தக் கேள்விக்கு சென்னையில் 1931இல் ஒரு பதில் கிடைத்தது. எனக்குத் தெரிந்து மிக நேர்மையான பதில் அது.

அந்த ஆண்டு மே மாதம் தென்னிந்திய ரயில்வே, கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில்களை விட்டது. 1,500 வோல்ட் நேர்மின்சாரம், தலைக்கு மேல் கம்பி. பயணிகள் வண்டிக்குச் சிக்கல் இல்லை, கம்பி இருக்கும் பாதையில் மட்டும் ஓடினால் போதும். சரக்கு இன்ஜின் அப்படி இருக்க முடியாது. பெட்டிகளைக் கோத்துவிட, கழற்றிவிட, யார்டுகளுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு கிளைத் தண்டவாளத்துக்கும் கம்பி கட்டினால் கட்டுப்படியாகாது.

அதற்கென்று 1930இல் இங்கிலாந்தின் ஹாதார்ன் லெஸ்லி பணிமனையில் கட்டி வந்த மின்சார இன்ஜின்கள் பின்னாளில் ஒய்.சி.ஜி.-1 என்று பெயர் பெற்றன. நிலக்கரி இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் இருக்குமல்லவா, அது மாதிரி இவற்றுக்குப் பாட்டரி டெண்டர் இருந்தது. கம்பிக்குக் கீழே கம்பி மின்சாரம். கம்பி இல்லாத யார்டுக்குள் நுழைந்தால் டெண்டரில் இருக்கும் பாட்டரி.

இன்று ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் ஓடும் பேருந்துகளின் முறையும் இதுதான். கம்பி உள்ள தெருக்களில் தொட்டபடி ஓடி பாட்டரியை நிரப்பிக்கொள்ளும், கம்பி முடிந்ததும் கையை மடக்கிக்கொண்டு பாட்டரியில் போகும். 'இன்-மோஷன் சார்ஜிங்' என்கிறார்கள்.

1931இன் ஏற்பாட்டில் என்னை ஈர்ப்பது தொழில்நுட்பம் மட்டுமல்ல. கம்பி எங்கே முடிய வேண்டும் என்று முடிவு செய்தது ரயில்வே. அது முடிந்த இடத்துக்கு அப்பால் பாட்டரியைச் சுமந்ததும் ரயில்வே. இரண்டு செலவும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தன. கம்பியை ஒரு மைல் குறைத்தால் பாட்டரி எவ்வளவு கூடும் என்று ஒரே ஆள் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்க்க முடிந்தது.

ரயில்வேயிலேயே இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. பெட்டிக்குள் விளக்கும் மின்விசிறியும் எப்படி ஓடுகின்றன? 1890களில் லண்டனின் ஜே. ஸ்டோன் நிறுவனம், பெட்டியின் அச்சிலிருந்து பெல்ட் போட்டு டைனமோவைச் சுற்றி, அடியிலிருக்கும் பாட்டரியை ஓடும்போதே நிரப்பும் முறையைக் கொண்டுவந்தது. 1955இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் கட்டிய பெட்டிகளும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் ஓடின. நம் டீக்கடைக் கேள்வியின் கனவு, அப்படியே! ஆனால் அந்த டைனமோக்களின் இழுவையை முன்னால் இருந்த இன்ஜின்தான் தாங்கியது. இப்போது மின்சார இன்ஜின் தன் தலைக்கு மேலிருக்கும் கம்பியிலிருந்து எடுத்து எல்லாப் பெட்டிகளுக்கும் நேரே கொடுக்கும் முறைக்கு ரயில்வே மாறி வருகிறது. கம்பி இருக்கும்போது அச்சிலிருந்து ஏன் கறக்க வேண்டும்?

*

சாலையில் நடந்தது நேரெதிர். 1953 ஏப்ரல் 12 அன்று சென்னை டிராம் நின்றது. நிறுவனம் திவாலாகியிருந்தது. தண்டவாளத்தையும் கம்பியையும் டிராம் கம்பெனிதான் பராமரிக்க வேண்டும், பேருந்துக்கு அந்தச் செலவு கிடையாது. தனக்குத் தேவையான டீசலைத் தானே சுமந்துகொண்டு எங்கும் போகும். கொழும்பில் 1953இல் தொடங்கிய டிராலி பஸ்கள் 1964இல் நின்றன. டெல்லியில் 1935இல் தொடங்கியவை 1962இல் நின்றன. அதே 1962இல் தொடங்கிய மும்பை டிராலி பஸ்கள் 1971ஐத் தாண்டவில்லை. ஒவ்வொரு முறையும் சாலை தன் முதுகிலிருந்த பாரத்தை இறக்கி வண்டியின் முதுகில் வைத்தது.

இந்த நூற்றாண்டிலும் கதை அதே பக்கம்தான் சாய்கிறது. ஜெர்மனியின் ஏ5 நெடுஞ்சாலையில் 2019இல் லாரிகளுக்காகக் கட்டிய மேல்கம்பிச் சோதனை 2024 முடிவோடு நிறுத்தப்பட்டது. ஸ்வீடன் ஹால்ஸ்பெரி–ஒரெப்ரோ இடையே நிரந்தர மின்சாரச் சாலை போடுவதாக இருந்தது. வந்த ஒப்பந்தப்புள்ளிகளின் தொகை கட்டுப்படியாகாமல் 2023இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நம் ஊரில் டெல்லி–ஜெய்ப்பூர் மின்சார நெடுஞ்சாலை பற்றி அமைச்சர் நிதின் கட்கரி பலமுறை பேசியிருக்கிறார். இதற்கிடையில் பாட்டரி மலிந்துவிட்டது. 2010இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டி இருந்த லித்தியம் பாட்டரித் தொகுப்பின் சராசரி விலை, 2024இல் 115 டாலருக்கு வந்தது. சாலையைத் தோண்டுவதைவிடப் பெரிய பாட்டரி வாங்கச் சொல்வது சுலபம். வாங்கச் சொல்பவருக்குச் சுலபம், அவ்வளவுதான்.

*

என் அம்மா நல்லவாட்டுக்காரர். மாமா இன்றும் கடலுக்குப் போகிறார். என் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு அவர் டைனமோ கேள்வியைக் கேட்கவில்லை. "போறதுக்கு மட்டும் கணக்குப் போட்டா ஆவாது மாப்ள, திரும்பி வர்றதுக்கும் சேத்துல்ல வெச்சுக்கணும்?" என்றார். போகும் தூரம், திரும்பும் தூரம், நீரோட்டம் எதிர்த்தால் அதற்கொரு கேன் டீசல். இன்று ரேஞ்ச் கவலை என்று சொல்வதை அந்த ஊர் படகில் இன்ஜின் வைத்த நாளிலிருந்தே பழகியிருக்கிறது.

"பாய் கட்டுன காலத்துல?" என்று கேட்டேன்.

"அப்ப ஏது இந்தக் கணக்கு? காத்து வழி நெடுக இருந்துச்சு. அது நம்ம செலவுல வராதுப்பா, கடலோட செலவு."

மின்சாரச் சாலை பற்றி நான் படித்த எந்த அறிக்கையிலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் இல்லை. கட்டுமரத்தின் பாய்க்கும் கார் கூரைக் காற்றாடிக்கும் உள்ள வித்தியாசமும் இதில் அடங்கிவிட்டது. பாய் பிடித்த காற்று கட்டுமரம் உண்டாக்கியதல்ல. சூரியனும் அப்படித்தான். 2017 ஜனவரியிலிருந்து கேரளத்தின் வைக்கம்–தவணக்கடவு இடையே ஓடும் 'ஆதித்யா' படகு 75 பேரை ஏற்றும். கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடு, உள்ளே 50 யூனிட் பாட்டரி. ஓடிக்கொண்டே சார்ஜ் ஏற்றும் வண்டி வேண்டும் என்பவர்கள் அதில் ஒருமுறை போய்வரலாம். படகுக்குப் பெரிய கூரை, குறைந்த வேகம், அதனால் கைகூடியது. கார் கூரையில் ஒரு கிலோவாட் தகடு வைப்பதே கடினம். நாள் முழுக்க நல்ல வெயிலில் நின்றால் நான்கு யூனிட் கிடைக்கலாம், இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஆகும். நெடுந்தூரக்காரருக்கு அது ஒன்றுமில்லை. நல்லவாட்டிலிருந்து புதுச்சேரி மார்க்கெட்டுக்குப் போய்வருபவருக்கு அதுவே ஒரு நாள் பாடு.

நல்லவாட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசி சரியாக எட்டாத ஊர்களுக்குக் கம்பியில்லாக் கருவி, மின்சாரம் நம்ப முடியாத ஊர்களுக்குச் சூரியத் தகடும் பாட்டரியும். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வாங்குங்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் முடியாது. ஊருக்கு ஒரு மையம், மீனவர் ஊரென்றால் கூடவே ஒலிபெருக்கி. அலை உயரம் எவ்வளவு, காற்று எப்படி என்று அறிவிப்பார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கை அந்த ஒலிபெருக்கியில் போனது. ஊர் வெளியேறியது. வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள் என்று அப்போது செய்திகள் சொல்லின.

அந்தக் காலையில் நல்லவாட்டைக் காப்பாற்றியது யார் வீட்டிலும் இருந்த ஒரு பெட்டி அல்ல. ஊர் வரைக்கும் வந்திருந்த ஒரு பொது ஏற்பாடு. மின்சார வண்டிகள் பற்றிப் பேசும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம். எத்தனை கிலோமீட்டர் ரேஞ்ச் என்பதைக் காரின் குணம் மாதிரியே பேசுகிறோம். அது சாலையின் குணமும்தான். வழியில் வாங்கிக்கொள்ள இடம் இருந்தால் சின்ன பாட்டரி போதும், இல்லாவிட்டால் பெரிய பாட்டரிகூடப் போதாது. நெடுஞ்சாலை ஓரத்தில் இருப்பவர் சின்ன பாட்டரியோடு பிழைத்துக்கொள்வார். கிளைச்சாலையின் கடைசியில் இருப்பவர்தான் பெரிய பாட்டரி வாங்க வேண்டும். பெரும்பாலும் வசதி குறைந்தவரும் அவர்தான். மீன்கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறும் பெண்கள் கொடுக்கும் கட்டணத்தில் அந்த ஆட்டோ சுமக்கும் பாட்டரியின் விலையும் இருக்கிறது.

எல்லா ஊருக்கும் மின்சாரச் சாலை போடச் சொல்லவில்லை நான். தவளக்குப்பத்திலிருந்து கடற்கரை வரை சுருள் பதிப்பது முட்டாள்தனம். மீன் இறக்கும் இடத்தில் ஊர்ப் பொதுவாக ஒரு சார்ஜிங் இடம், மேலே சூரியத் தகடு, ஆட்டோக்கள் மாற்றிக்கொள்ளப் பொதுப் பாட்டரிகள் என்று இருந்தாலே பாதிப் பாரம் இறங்கும். இதெல்லாம் பெரிய தொழில்நுட்பம் இல்லை. செலவு எந்தக் கணக்கில் போகிறது என்பதுதான் கேள்வி.

1931இல் கம்பியை யார்டு வரை இழுக்க முடியாத ரயில்வே, யார்டுத் தொழிலாளியிடம் பாட்டரி வாங்கிவரச் சொல்லவில்லை. டெண்டரைத் தானே கட்டி, தானே இழுத்துக்கொண்டு உள்ளே போனது.